மூன்றாவது வரி

விரலை வைத்துக்கொண்டிருந்தான், அவ்வளவுதானே?

மடிக்கணினியில் செருகிய நெட் மோடத்தில் நீல விளக்கு எரிந்தபோது கொழுந்தன் சமீரின் விரல் அதன்மேல் இருந்தது. அதே நொடியில் நுஸைபா எண்டர் தட்டியதை யாரும் பொருட்படுத்தவில்லை.

"எம்புள்ள கைராசிக்காரன்!" மாமி சைத்தூன் பீவி நெட்டி முறித்தார்.

மடிக்கணினி நுஸைபாவுடையது. கூத்தாநல்லூரில் பிளஸ் டூ படித்தபோது அரசாங்கம் கொடுத்தது. அதில் லினக்ஸ் இயங்குதளம் இருந்தது. "இதுல மோடம்லாம் வராது அண்ணி, அழிச்சிட்டு வேற போட்டுருவோம்" என்று ஒன்பது நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தவன் இவன்தான்.

ஒன்பது நாளும் சமையல் முடித்த கையோடு அவள் கைபேசியில் தேடித் தேடிப் படித்தாள். செருகிய மோடத்தைக் கணினி ஒரு சிடி என்றே நினைத்துக்கொள்கிறது. இரண்டு வரி கட்டளை தட்டினால் மோடம் என்று தெரிந்துகொள்ளும்.

குவைத்திலிருந்து கணவன் உபைதுல்லா திரை நிறையச் சிரித்தான். நெட் வந்ததும் நீ ஆன்லைனில் எம்.ஏ. சேரலாம் என்று வாக்குக் கொடுத்திருந்தவன்.

"தம்பிதான் சரி பண்ணுனானாமே! அப்ப லேப்டாப் அவன் ரூம்லயே இருக்கட்டும். உன் படிப்பை அப்புறம் பாத்துக்கலாம், நுஸைபா."

அவள் வாயைத் திறப்பதற்குள் அழைப்பு முடிந்திருந்தது.

சமீர் மோடத்தைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டு, மடிக்கணினியோடு மாடியேறினான். அவள் கெண்டை மீனை எடுத்துச் செதிலை உரசினாள். தேவைக்கு மேல் உரசினாள். தோல் கிழிந்தது.

கால் மணி நேரத்தில் இறங்கி வந்தான்.

செருகினான், திரையில் சிடி படம். ஊதிச் செருகினான். சட்டையில் துடைத்துச் செருகினான். அதே விரலை வைத்து அழுத்தினான்.

"பிஸ்மி சொல்லிச் செருகுடா" என்றார் மாமி.

அப்படியும் சிடிதான்.

பிறகு இருவரும் அவளைப் பார்த்தார்கள்.

"அண்ணி, நீங்க என்னமோ தட்டுனீங்களே. அதை ஒரு பேப்பர்ல எழுதிக் குடுங்களேன்."

நுஸைபா மீனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"உங்க கைராசிதானே தம்பி. நான் என்னத்த எழுத?"

அவன் மடிக்கணினியை அவள் பக்கத்திலேயே வைத்துவிட்டுப் போனான்.

மோடத்தைப் பிடுங்கும்போதெல்லாம் கணினி அந்த இரண்டு வரியை மறந்துவிடும். மறக்காமலிருக்க மூன்றாவதாக ஒரு வரி உண்டு. ஒருமுறை எழுதி வைத்தால் போதும், யார் செருகினாலும் விளக்கு எரியும்.

அதை அவள் முந்தாநாளே படித்திருந்தாள்.