சிவப்பு வளையம்

2024 ஜூன் 9, ஞாயிற்றுக்கிழமை காலை, கோவை மருதம் காலனி பூங்காவில் டிஸ்க் கோல்ஃப் களம் திறக்கப்பட்டது. ஒன்பது கூடைகள். புதியவர்களுக்கு ஏற்றது என்று வாசல் பலகையில் எழுதியிருந்தார்கள்.

கம்பத்தில் சங்கிலிகள் தொங்கும் இரும்புக் கூடை. தூரத்தில் நின்று அதற்குள் பிளாஸ்டிக் தட்டை எறிய வேண்டும். விளையாட்டு அவ்வளவுதான்.

அவள் மூன்றாவது கூடைக்குப் பக்கவாட்டில் நின்றாள்.

கூடைக்கு எதிரே, எறியும் வழியில் ஒரு புங்கை இருந்தது. மகள் ஒன்பதாம் வகுப்பில் நட்டது.

மகள் பதினேழு வயதோடு நின்றுவிட்டாள். மரம் வளர்ந்தது.

காய்ந்த மரங்களை எடுத்துவிட்டுக் களம் அமைக்கப்போவதாக நலச்சங்கம் அறிவித்த நாளிலிருந்து அவள் வெளியூர் போகவில்லை. பயிற்சியாளர் நிரஞ்சன் அளவெடுக்க வந்தபோது அவரிடமே கேட்டாள்.

"இதை மட்டும் விட்டுருங்க தம்பி."

"இது இல்லாம கேமே இல்லீங்க ஆன்ட்டி. இதைச் சுத்தி எறியறதுதான் வெளையாட்டே."

அப்படிச் சுற்றிப் போக வேண்டிய மரங்கள் நான்கு. நான்கிலும் சிவப்பு பெயிண்டில் வளையம் போட்டார். புங்கையின் முறை வந்தபோது அவள் முந்தானையால் பட்டையைத் துடைத்துக் கொடுத்தாள்.

"இன்னொரு கோட்டிங் குடுங்க தம்பி. மழையில அழிஞ்சிரும்."

கொடுத்தார்.

மறுநாள் திருப்பூரில் தங்கை மகளுக்குச் சீர். போனாள். ஒரு நாள்தான்.

திரும்பி வந்தபோது, எடுக்க வேண்டிய காய்ந்த தென்னைகள் இரண்டும் அப்படியே நின்றன.

வளையம் போட்ட நான்கும் இல்லை.

மரம் வெட்ட வந்திருந்த கருப்பணன் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தார். அவள் கேட்டதும் நிமிர்ந்து பார்த்தார்.

"பெயிண்ட் அடிச்சதத்தானுங்கக்கா வெட்டுவோம். இருவது வருசமா ரோட்டோர மரத்துக்கெல்லாம் அதானுங்க கணக்கு."

பிறகு அவராகவே சொன்னார்.

"இந்தப் புங்கைக்கு ரெண்டு கோட்டிங் அடிச்சிருந்துச்சு. அவசரம்போலன்னு மொதல்ல இதைத்தான் எடுத்தோம்."

அவள் முந்தானையில் அந்தச் சிவப்பு இன்னும் இருந்தது. துவைத்தும் போகவில்லை.

அடிமரத்தைத் தரையோடு அறுத்து மண் போட்டு மூடிவிட்டார்கள். கூடைகளுக்கான குறிப்புப் பலகைகள் முன்பே அச்சாகி வந்திருந்தன. மாற்ற நேரமில்லை. அப்படியே நட்டார்கள்.

திறப்பு நாளில் தொப்பி போட்ட ஒருவர் மூன்றாவது பலகையைச் சத்தமாகப் படித்தார்.

மரத்தின் இடப்பக்கமாக எறியவும்.

சுற்றிலும் பார்த்தார்.

"எந்த மரமுங்க?"

அவள் கையை நீட்டிக் காட்டினாள்.

அவர் அவள் காட்டிய இடத்தின் மேலாகவே எறிந்தார். தட்டு நேராகப் போய்ச் சங்கிலியில் மோதிக் கூடைக்குள் விழுந்தது.

முதல் எறி.

கைதட்டினார்கள்.