ஒரு கரண்டி உப்பு

இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. எங்கள் ஊர் சர்ச்சின் பைபிள்மேல் கை வைத்துச் சொல்கிறேன்.

"போன வருஷமும் இதையேதான் சொன்னே. ஊரைக் காலி பண்ணிட்டு ஓட்டல்ல கிடந்துட்டு வந்தோம். ஒரு பிடி மண்ணாவது சரிஞ்சுதா?"

பண்ணைக்கார ஓட்வார் மேசையில் குத்தியதில் எல்லார் காப்பியும் சிந்தியது. பள்ளிக்கூட ஹாலில் எங்கள் நார்வே ஊரின் மொத்தக் கோபமும் கூடியிருந்தது.

"இந்தத் தடவை புல்வெளியில வெடிப்பு விட்டிருக்கு. இன்னிக்கே கிளம்புங்க," என்றாள் மண் ஆய்வாளர் சுன்னிவா.

"மாட்டை யாரு கறப்பா? நீயா?"

சுன்னிவா ஊர்ச் சரிவில் எடுத்த களிமண் கட்டியைக் கண்ணாடிக் குவளையில் போட்டு வேகமாகக் கிளறினாள். கட்டி மோராய் ஓடியது.

"இது பழைய கடலடி மண். இதைப் பிடிச்சு வச்சிருந்த உப்பை மழை கழுவிடுச்சு. இனிமே லேசா அசைஞ்சாலும் ஊரே இப்படித்தான் ஓடும்."

விளக்கம் முழுமையாக இருக்கட்டும் என்று ஒரு கரண்டி உப்பைப் போட்டுக் கலக்கினாள். மோர் மறுபடி களியாய் இறுகியது.

வினை அங்கேதான் பிடித்தது.

"அடிப்பாவி, மருந்தைக் கையில வச்சுக்கிட்டா எங்களை விரட்டுறே?" என்று எழுந்தாள் ஓட்வாரின் மனைவி குன்வோர்.

"இது குவளைம்மா. முழுச் சரிவுக்கும்..."

"உப்பு எங்கே கிடைக்கும், அதை மட்டும் சொல்லு."

சுன்னிவா கத்திப் பார்த்தாள். அவளைவிட ஊர் அதிகமாய்க் கத்தியது. கரண்டியை வீசி எறிந்தாள்.

"சரி. துறைமுகத்துல பழைய மீன் உப்புக் கிடங்கு இருக்கு. வீட்டுக்கு ஒருத்தர் போதாது. குழந்தை குட்டியோட வந்து சுமங்க. மாட்டையும் ஓட்டிட்டு வாங்க, மூட்டை இழுக்கும்."

ஊரே திரண்டு போனது. கிடங்கு பூட்டியிருந்தது. சாவிக்காரனைக் காணோம். பொழுது சாயும்வரை எல்லாரும் அவளைத் திட்டினார்கள். திட்டு ஓயுமுன்னே ஊர்ப் பக்கம் ஓர் உறுமல். வயலும் வீடுகளும் ஆற்றுக்குள் இறங்கிவிட்டன.

"உப்பைப் போட்டிருந்தா நின்னிருக்குமேடி," என்று ஓட்வார் அவள் முகத்துக்கு நேரே அலறினான்.

சுன்னிவா கோட்டுப் பையிலிருந்து சாவியை எடுத்துக் கதவைத் திறந்தாள். உள்ளே காலி.

செத்தவன் ஊரில் ஒருவன்தான். உப்பால் சரிவு நிற்காது என்று சரியாகச் சொல்லிவிட்டு, வீட்டிலேயே உட்கார்ந்திருந்த நான்.