ஒன்றும் விடுபடாத பதிவு

"இதுவரை கேட்காததையும் கேட்பீர்கள்" என்று இணையத்தில் போட்டிருந்ததை நம்பி, எட்டு வருடம் முன்பு முன்வரிசையில் மனைவியோடு உட்கார்ந்து ரசித்த கச்சேரியைக் கோதண்டம் விலைக்கு வாங்கி டவுன்லோட் செய்தார். துளி ஒலியும் குறையாத பதிவு. பாட்டுக்கு நடுவே யாரோ நாற்காலிக் கையில் டிக் டிக்கென்று தாளம் போட்டார்கள். ஒவ்வொரு தட்டும் கொஞ்சம் தாமதமாகவே விழுந்தது.

"எவனோ ஞானசூனியம். இவனெல்லாம் எதுக்குக் கச்சேரிக்கு வர்றான்?" என்றபடி புகார் எழுத உட்கார்ந்தார்.

ஹெட்போனை வாங்கி மாட்டிக்கொண்ட சுகந்தி, கண்ணை மூடிக் கேட்டாள். பிறகு கணவரின் வலது கையைப் பிடித்து, தடித்த கல் மோதிரத்தைக் கழற்றப் பார்த்தாள். அது அசையவில்லை.

"வர்ற மார்கழிக்குள்ள சோப்பு போட்டாவது இதைக் கழட்டிடணும்," என்றாள்.