அப்பாவின் இக்கெங்கா

"போடா உள்ளே" என்று சித்தப்பா அனிக்வே என் கையில் அரிவாளைத் திணித்தார்.

அப்பா செத்து ஒரு பகல் கழிந்துவிட்டது. முன்வீட்டில் மூங்கில் கட்டிலில் கிடத்தியிருந்தார்கள். பங்காளிகள் முற்றத்தில் மண்வெட்டிகளோடு நின்றார்கள், ஆனால் யாரும் ஒரு பிடி மண் எடுக்கவில்லை. எனக்காகக் காத்திருந்தார்கள்.

எங்களில் ஆண் என்றால் அவனுக்கு ஒரு இக்கெங்கா உண்டு. இரண்டு கொம்பு வைத்த மரச்சிலை. அவனுடைய வலது கையின் பலமெல்லாம் அதில்தான். அவன் செத்ததும் மூத்த மகன் தனியாக உள்ளே போய் அதை இரண்டாகப் பிளக்க வேண்டும். வெளியே இருப்பவர்களுக்கு வெட்டுச் சத்தம் கேட்க வேண்டும். ஒரு பாதி குழிக்குள் போகும், மறுபாதியை வேலிக்கு வெளியே எறிவார்கள்.

பிளக்காவிட்டால் குழியே கிடையாது. மண் ஏற்காதவர்களை எறியும் கெட்ட காட்டில் பிணத்தை வீசிவிட்டு வந்துவிடுவார்கள்.

அப்பாவுக்கு மூத்த மகனும் நான்தான், கடைசி மகனும் நான்தான். நானோ மிஷன்காரன்.

வேலிக்கு அப்பால் உபதேசியார் ஜோனா தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றார். காலையிலேயே கறாராகச் சொல்லிவிட்டார்.

"அந்த விக்கிரகத்தை வெட்டுறேன்னு போய் நின்னே, அதோட சரி உடெம்பா. உன் பொண்டாட்டியும் பிள்ளைங்களும் மிஷன்லயே இருக்கட்டும். நீ அந்த வாசலை மிதிக்கக் கூடாது."

என் பெண்டாட்டி உலோமா இரட்டை பெற்றவள். இரண்டும் பெண். இரட்டைப் பிள்ளைகளைச் சாபம் என்று எங்கள் ஊர் பானையில் வைத்துக் காட்டில் விட்டுவிடும். பெற்ற அன்றே மூன்று பேரையும் மிஷனுக்குக் கொண்டுபோய்விட்டேன். ஞானஸ்நானம் வாங்கியதும் அதற்காகத்தான், பொய் சொல்வானேன். இப்போது இரண்டும் என் குரல் கேட்டாலே கையைக் காலை உதறிக்கொண்டு சிரிக்கின்றன.

அப்பா அன்றோடு என்னிடம் பேச்சை நிறுத்திவிட்டார். வழியில் எதிர்ப்பட்டால் துப்பிவிட்டுப் போவார்.

"என்னடா நிக்கிறே? சட்டை போட்டதும் கை மரத்துப் போச்சா?" என்றார் சித்தப்பா.

"எங்க அண்ணன் ஆம்பளைப் பிள்ளை பெத்தாருன்னுல்ல நெனச்சிட்டிருந்தோம்" என்று பின்னாலிருந்து ஒருவன் சொன்னான். நாலைந்து பேர் சிரித்தார்கள்.

உள்ளே போனேன்.

வெட்டப் போனேனா என்றால் தெரியாது. அவர்கள் கண்ணிலிருந்து தப்பினால் போதும் என்று போனேன்.

உள்ளறையில் இருட்டு. பழைய கள் வாடை. கோழிச் சிறகுகள் ஒட்டிக்கிடந்த மேடையில் அது நின்றுகொண்டிருந்தது. இயேசுவே, தாத்தன்மாரே என்று வாயில் வந்த எல்லோரையும் கூப்பிட்டேன். யாராவது ஒருவர் வந்து என்னை ஒரு பக்கம் இழுத்தால் போதும் என்றிருந்தது. இந்தப் பக்கம் பார்த்தால் கழுகு கொத்தும் அப்பா. அந்தப் பக்கம் பார்த்தால் என்னை மறந்து வளரப்போகும் இரண்டு பிள்ளைகள்.

தொட வேண்டாம் என்று நினைத்துக்கொண்டே தொட்டேன்.

அது கையோடு இரண்டாக வந்தது.

ஒன்றும் புரியவில்லை. சிலையின் இடுப்பில் சுற்றியிருந்த நார் அவிழ்ந்து என் காலில் விழுந்தது. வெளிச்சம் விழும் இடத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தேன். வெட்டுவாய் வெளுப்பாக இருந்தது. ஓரமெல்லாம் தப்பிப்போன வெட்டுகள்.

மழை விட்டதிலிருந்து அப்பாவுக்கு வலது கை விளங்கவில்லை. இடது கையால் வெட்டியிருக்கிறார்.

அவருக்குத் தெரியாததா? உயிரோடு இருக்கும்போதே தன் இக்கெங்காவைப் பிளப்பவன் தூக்கில் தொங்கியவனுக்குச் சமம். அவனை மண் ஏற்காது. எத்தனை பேருக்கு அந்தத் தீர்ப்பை அவரே தன் வாயால் சொல்லியிருக்கிறார்! என் கை அதில் படக் கூடாது என்று, அந்தக் கிழவர் தன்னந்தனியாக உட்கார்ந்து தன்னைத்தானே வெட்டியிருக்கிறார்.

ஐயோ அப்பா, ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

"செத்துட்டியாடா உள்ளே?" என்று சித்தப்பா கத்தினார்.

சத்தம் கேட்காவிட்டால் ஓடி வருவார்கள். வந்தால் தெரிந்துவிடும்.

அரிவாளை ஓங்கி மேடைக் கட்டையில் போட்டேன். இன்னொன்று. கண் தெரியாமல் போட்டுக்கொண்டே இருந்தேன்.

"ஒரு மரத்துக்கு இத்தனை வெட்டா!" என்று வெளியே யாரோ சொல்ல, சிரிப்பு எழுந்தது.

இரண்டு பாதியையும் மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தேன். சித்தப்பா ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டார். அவர் அழுதுகொண்டிருந்தார்.

"இப்பதான்டா நீ ஆம்பள."

வேலிக்கு அப்பால் உபதேசியார் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு மிஷன் பக்கம் நடக்கத் தொடங்கினார்.

"ஐயா, நான் வெட்டலை!" என்று கத்த வாய்வரை வந்துவிட்டது. ஒரு கூப்பிடு தூரம்தான். கூப்பிட்டால் திரும்பியிருப்பார்.

அதற்குள் அப்பாவுக்கு முதல் மண்வெட்டி இறங்கும் சத்தம் கேட்டது.

வாயை மூடிக்கொண்டேன்.