பத்துக்குப் பூஜ்யம் எடுத்த ஜோடி

"பத்துக் கேள்வியில ஒன்னுகூடச் சரியில்ல. கொசோங் எடுத்திருக்கீங்கம்மா" என்று ஷர்மினி கைப்பேசியை அம்மாவிடம் நீட்டினாள்.

கணவன் மனைவிகள் கலந்துகொள்ளும் 'ஜோடிப் பத்து' என்ற தொலைக்காட்சிப் போட்டிக்கு இது இருபத்தைந்தாவது ஆண்டு. அதன் வரலாற்றைச் சின்னச் சின்னக் காணொளிகளாக வெளியிட்டிருந்தார்கள். அதில் அதிகம் பேர் பார்த்துச் சிரித்தது, முதல் வருடத்தில் அவள் பெற்றோர் கலாவதியும் முகுந்தனும் பூஜ்யம் வாங்கிய காட்சியைத்தான். கலாவதியின் அப்பா பெயரைக் கேட்டதற்கு முகுந்தன் திருதிருவென்று விழித்தார். முகுந்தனுக்குப் பிடித்தது நண்டுக் குழம்பு என்றாள் கலாவதி. நண்டு வாயில் பட்டாலே அவருக்கு உடம்பெல்லாம் தடித்துவிடும்.

அவர்கள் ஊரான ஈஜோக்கில் அதைப் பார்க்காதவர் இல்லை. செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிற முகுந்தனை, ஆலை வாசலில் மற்ற ஓட்டுநர்கள் மலாய் மொழியில் பூஜ்யம் என்று பொருள்படும் 'கொசோங்' என்றே கூப்பிட ஆரம்பித்தார்கள். அவர் சிரித்துக்கொண்டே போய்விடுவார். மகளால் அப்படி இருக்க முடியவில்லை. அம்மாவைப் பற்றி ஒன்றுமே தெரிந்துகொள்ளாமல் இந்த மனிதர் என்ன குடும்பம் நடத்தினார் என்று அவளுக்கு ஆத்திரம். ஒரு வாரமாக அப்பாவோடு பேச்சில்லை.

கலாவதிக்கு அதுதான் பொறுக்கவில்லை. சிறப்பு நிகழ்ச்சிக்கு மறுபடி வர முடியுமா என்று தொலைக்காட்சியிலிருந்து அழைத்தபோது உடனே சம்மதித்துவிட்டாள்.

"எதுக்கு கலா? மறுபடியும் சிரிப்பாங்க லா" என்றார் முகுந்தன்.

"சிரிக்கட்டும். பத்துக்குப் பத்து எடுத்துட்டு, அங்கேயே பேசிக்கிறேன்."

என்ன பேசப் போகிறீர்கள் என்று ஷர்மினி எவ்வளவோ கேட்டுப் பார்த்தாள். வீட்டில் சொன்னால் நீ ஒருத்திதான் கேட்பாய், சிரித்தவர்கள் எல்லாரும் கேட்க வேண்டும் என்று சொல்லிவிட்டாள் கலாவதி. ஒத்திகை பார்க்கலாமா என்று முகுந்தன் தயங்கித் தயங்கிக் கேட்டதற்கும், ஒன்றும் வேண்டாம், தெரிந்ததைச் சொன்னால் போதும் என்றாள்.

நிகழ்ச்சியன்று ஷர்மினி பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். ஒருவரைப் பற்றி மற்றவர் சொல்லும் பதில், அவரிடமே முன்பு எழுதி வாங்கிய பதிலோடு பொருந்த வேண்டும். முகுந்தன் எதற்குப் பயப்படுவார் என்ற கேள்விக்குக் கலாவதி ஊசி என்றாள். சரி. கலாவதிக்குக் கோபம் வந்தால் என்ன செய்வார் என்று கேட்டார்கள். பேசமாட்டாள், துவைத்த துணியையே மறுபடி துவைப்பாள் என்றார் முகுந்தன். அதுவும் சரி. அரங்கில் சிரிப்பு எழுந்தது. ஆனால் இது வேறு மாதிரிச் சிரிப்பு.

ஒன்பது முடிந்தது. கடைசியாக, மனைவி உங்களிடம் மறைத்த விஷயம் எது என்று முகுந்தனைக் கேட்டார்கள்.

அவர் கலாவதியின் பக்கம் திரும்பினார். "போன வருஷம் ஸ்கூல் கண்டீன்ல வேலை செய்யும்போது மயங்கி விழுந்துட்டா. நான் பயப்படுவேன்னு சொல்லல. எனக்குத் தெரியும்னு நானும் காட்டிக்கல."

கலாவதி எழுதியிருந்ததும் அதுதான். ஷர்மினி அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

பத்துக்குப் பத்து. புதிதாக வந்திருந்த அறிவிப்பாளர் ஃபியோனா ஆச்சரியம் தாங்காமல், இவ்வளவு தெரிந்து வைத்திருப்பவர்கள் அன்றைக்கு மட்டும் எப்படிப் பூஜ்யம் வாங்கினீர்கள் என்று கேட்டாள்.

இதற்காகவே காத்திருந்த கலாவதி, ஒலிவாங்கியைக் கையில் வாங்கிக்கொண்டாள்.

"எங்களுக்குக் கல்யாணம் ஆனதே அதுக்கு ரெண்டு வருஷம் கழிச்சுத்தாங்க. அன்னிக்கு வரவேண்டிய ஜோடி வரலன்னு, வேடிக்கை பார்க்க வந்த கூட்டத்திலிருந்து ஆளுக்கொரு பக்கமா நின்ன எங்களைக் கூட்டிட்டு வந்து உட்கார வெச்சாங்க. இவர் பேரே எனக்கு இந்த மேடையிலதான் தெரிஞ்சுது."