கோகிலாம்பாளின் வேன்

"இந்த ஓட்டை வேன் யாருது?" பாகூர் கொம்யூன் பஞ்சாயத்து அதிகாரி கேட்டார்.

"என்னுது. இன்னா இப்போ?" கோகிலாம்பாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"ஓடாத வண்டிய ரோட்டுல போட்டா நாங்களே இழுத்துக்கினு பூடுவோம். சொந்தக்காரன் வரட்டும்னு காத்துக்கினு இருக்க இது தமிழ்நாடு இல்லம்மா, பாண்டிச்சேரி. ஒரு வாரத்துல எடுத்துடு."

"ஒரு வருஷமானாலும் எடுக்க மாட்டேன். தெம்பிருந்தா கை வெச்சுப் பாருங்க."

கூடியிருந்தவர்கள் முன்னால் அதிகாரிக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. அப்போதே டிராக்டரை வரவழைத்தார். வேன் முனகிக்கொண்டே பாகூர்ப் பக்கம் போய் மறைந்தது.

கோகிலாம்பாள் எல்லைக் கல்லைத் தாண்டி, தமிழ்நாட்டுப் பக்கம் இருந்த தன் இட்லிக் கடைக்குள் நுழைந்தாள். எவனோ விட்டுப்போன அந்த வேன் போன தீபாவளியிலிருந்து கடையை மறைத்துக்கொண்டு நின்றது. எத்தனை முறை போய்ச் சொன்னாலும், சொந்தக்காரன் வராமல் தொட முடியாது என்று தமிழ்நாட்டு அதிகாரிகள் கையை விரித்துவிட்டார்கள். காலையில்தான் நாலு ஆளை வைத்து எல்லைக்கு அந்தப் பக்கம் தள்ளியிருந்தாள்.

பக்கத்துச் சைக்கிள் கடை கமருதீன் மெல்ல வந்து நின்றார். "ஏம்மா, என் கடை வாசல்லயும் ஒரு ஜீப்பு கெடக்குது."

"நாளைக்குத் தள்ளி வுடுங்க பாய். அதுவும் என்னுதுதான்."