இன்னும் பெரிய போத்தல்

"இவ்வளவுதானோ உம்மட பலம்? அங்கால பெரிய போத்தல் இருக்கு. அதை உடையும் பாப்பம்!"

ஆஸ்பத்திரி உதவியாளரான வல்லிபுரம் டிரஸ்ஸரின் நெற்றியில் வழிந்த ரத்தம் மூக்குக் கண்ணாடியில் சொட்டிக்கொண்டிருந்தது. எதிரே சம்மட்டியோடு நின்றான் இராமலிங்கம். அலமாரிக் கதவு பிய்ந்து தொங்கியது. உடைந்த அயடின் போத்தலிலிருந்து மருந்து சுவரெல்லாம் தெறித்திருந்தது.

ஒரு நிமிஷம் முன்புவரை இதே மனிதர், "வேண்டாம் ஓய், ஏழைகளுக்கு வைச்சிருக்கிற மருந்து" என்று கையெடுத்துக் கும்பிட்டவர். இப்போது ஏளனம் செய்கிறார்!

தண்டவாளம் பதிக்கும் வேலைக்காகக் கிள்ளான் பக்கம் போயிருந்த அவன், பத்து நாள் கழித்து அன்று காலையில்தான் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே லயத்துக் குடியிருப்புக்குத் திரும்பினான். தொட்டிலில் கிடந்த ஏழு மாதக் குழந்தையைப் பின்னாலிருந்து, "தங்கமணி, அப்பா வந்திருக்கேன்டி" என்று மூன்று தடவை கூப்பிட்டான். குழந்தை திரும்பவே இல்லை.

மனைவி சீதாலெட்சுமி அழுதுகொண்டே விஷயத்தைச் சொன்னாள். இரண்டு காதிலும் சீழ் கட்டி, குழந்தை காய்ச்சலில் அனலாய்க் கொதித்ததாம். டிரஸ்ஸர் ஐயா மெல்லிய கத்தியைக் காதுக்குள் விட்டுக் கீறினாராம்.

காதுக்குள் கத்தி! மூலையில் கிடந்த சம்மட்டியை எடுத்தவன், டிரஸ்ஸர் வீட்டு முன்னறையில் வந்துதான் நின்றான். பின்னாலேயே ஓடிவந்த சீதாலெட்சுமி, அலறுகிற குழந்தையை டிரஸ்ஸர் பக்கத்து விசுப்பலகையில் போட்டுவிட்டுப் புருஷனின் காலைக் கட்டிக்கொண்டாள்.

"பச்சப் புள்ள காதக் கிழிச்சிட்டியேய்யா! பூண்டு போட்டுக் காய்ச்சி ரெண்டு சொட்டு எண்ணெய் வுட்டிருந்தா ஆறியிருக்குமே!"

"எண்ணெய் விட்டு அடைச்சு வைச்சுத்தான் போன மாசம் இந்தத் தெருவில ரெண்டு பிள்ளையளைப் புதைச்சவை. உள்ள இருக்கிற சீழுக்கு வழி விடாட்டில் அது மூளைக்கு ஏறும். உம்மட பிள்ளைக்கும் குழி வெட்டோணுமோ?"

"உசிரு கெடக்கட்டும், காது எங்கய்யா? கேக்குமா, கேக்காதா? அதச் சொல்லு!"

டிரஸ்ஸர் தலையைக் குனிந்தார். "சீழ் வடிஞ்சு முடியிற வரைக்கும் மந்தமாத்தான் இருக்கும். பிறகு கேக்குமோ எண்டு எனக்கே இன்னும் தெரியாது."

அந்த வார்த்தைதான் வெடிமருந்தில் நெருப்பு வைத்தது. இராமலிங்கத்தின் முஷ்டி டிரஸ்ஸரின் நெற்றியில் இறங்கியது. அடுத்து சம்மட்டி அலமாரியில் பாய்ந்தது. அயடின் போத்தல் சிதறிய அந்த நொடியிலிருந்துதான் டிரஸ்ஸருடைய குரல் மாறியது.

"என்ன ஓய், கை நோகுதோ? ரயில்வேயில இப்படித்தான் ஆணி அடிக்கிறனீரோ?"

"சிரிக்கிறியா? என் மவளச் செவிடாக்கிட்டுச் சிரிக்கிறியா?"

சம்மட்டி மறுபடியும் சுழன்றது. இருமல் மருந்து ஜாடி இடி மாதிரி நொறுங்கி விழுந்தது. விசுப்பலகையில் கதறிக்கொண்டிருந்த குழந்தையின் அழுகை சட்டென்று அறுந்து, மறுபடி தொடங்கியது. ரத்தம் தலைக்கேறிய இராமலிங்கத்துக்கு அதெல்லாம் உறைக்கவில்லை. டிரஸ்ஸர் அவனுடைய சம்மட்டியைக்கூடப் பார்க்கவில்லை. பக்கத்தில் கிடந்த குழந்தையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னொண்டு! இன்னொண்டு உடையும்! பெண்டுகள் கூட இதைவிடப் பலமா அடிப்பாளவை!"

"ஐயோ, நீங்களாச்சும் வாய மூடுங்கய்யா!" என்று சீதாலெட்சுமி கத்தினாள். இராமலிங்கம் அவளை உதறித் தள்ளினான். அவள் கண்ணாடிச் சில்லுகளின் மேல் விழுந்து, முழங்கை கிழிந்தது.

போத்தலை உடைத்து என்ன ஆகப்போகிறது? அவன் சம்மட்டியை எறிந்துவிட்டு டிரஸ்ஸரின் கழுத்தைப் பிடித்தான். சுவரோடு சேர்த்து நெரித்தான். டிரஸ்ஸரின் கண்ணாடி கீழே விழுந்தது. முகம் கறுத்தது. வலது கை மட்டும் பக்கத்துத் தட்டில் எதையோ தேடித் துழாவியது.

ஒரு பெரிய கண்ணாடிச் சாடி அந்தக் கைக்கு அகப்பட்டது. அது மேலே உயர்ந்தது.

மண்டை பிளக்கப்போகிறது என்று நினைத்த இராமலிங்கம் பிடியை விட்டு, இரண்டு கைகளாலும் தலையை மூடிக்கொண்டான்.

சாடி அவன் தலையில் விழவில்லை. டிரஸ்ஸர் அதை வெறும் சிமெண்டுத் தரையில், விசுப்பலகைக்கு எட்டாத மூலையில், ஓங்கி அடித்தார். வீடே அதிர்ந்தது.

அதோடு அறையில் எந்தச் சத்தமும் இல்லை. குழந்தையின் சத்தம்கூட.

இராமலிங்கம் சட்டென்று திரும்பினான். விசுப்பலகையில் தங்கமணி கண்ணை அகல விரித்து, சில்லுகள் கிடந்த மூலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

டிரஸ்ஸர் கழுத்தைத் தடவிக்கொண்டு, மூச்சு வாங்க, பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்.

"ஒவ்வொரு போத்தலுக்கும் அழுகையை நிப்பாட்டுது ஓய்... உம்மட பிள்ளைக்குக் காது கேக்குது!"